நடுங்காத கை

நான்கு மணி நேரம் நின்றாலும் சுதாராணிக்குக் கால் சளைக்காது, கை நடுங்காது, வாய் எதையும் கேட்காது. மேக்கப் தொழிலுக்கு இந்த மூன்றும் போதும் என்பாள்.

அன்று நாகலூரில் ஒரு வளைகாப்பு. ஏழு மாத மருமகளின் கழுத்தில் நான்கு விரல் தடம் நீலமாகக் கன்றியிருந்தது.

"காப்பிச்செடி கீறிருச்சுங்க," என்றாள் மாமியார்.

செடிக்கு ஏது விரல்? சுதாராணி கேட்கவில்லை. நீலத்தின்மேல் முதலில் ஆரஞ்சு நிறத்தை ஒற்றி, அதன்மேல் தோல் நிறத்தைப் பூசினாள். தடம் மறைந்தது. கண்ணாடி வழியாக அந்தப் பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நொம்ப நல்லாருக்குதுங்க," என்றாள் மாமியார். "என்ர பையனோட மொத சம்சாரத்துக்கும் நீங்கதானுங்களே பண்ணுனீங்க? பொணத்தை எடுக்கற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியலீங்க."

சுதாராணி கண்மையை எடுத்தாள். கோடு நேராக விழுந்தது.