எப்போதும் இதிலேயே திறக்கவும்

கல்யாண அழைப்பிதழில் முஸ்தாக்கின் பெயருக்குக் கீழே ‘கணினிப் பொறியியலாளர்’ என்று அச்சிடச் சொன்னது முஸ்தாக் அல்ல. அவனுடைய மாமனார் அப்துல் ஸமட். ஓய்வுபெற்ற பிரதிக் கல்விப் பணிப்பாளர் ஒருவர், கல்முனையில் மேல்மாடி வைத்த வீட்டை மகள் பெயருக்கு எழுதி மாப்பிள்ளை எடுக்கும்போது, அந்த மாப்பிள்ளை ‘கம்பியூட்டரில் என்னமோ செய்கிறவர்’ என்றால் மேல்மாடிக்கு மரியாதை இல்லை. இறக்காமத்திலிருந்து வந்த புரோக்கர், “கம்பியூட்டர் படிச்ச பொடியன்” என்று மட்டும்தான் சொன்னார். மீதிப் படிப்பை மாமனார் அச்சகத்தில் வைத்து முடித்துக் கொடுத்தார். முஸ்தாக் மறுக்கவில்லை. பட்டம் தேடி வரும்போது கதவைச் சாத்துவது பண்பல்ல என்று நினைத்திருக்கலாம்.

உண்மையில் அவன் கொழும்புக் கம்பனி ஒன்றுக்காக, ஸ்கேன் பண்ணிய பில்களைப் பார்த்துப் பெயரும் விலாசமும் தட்டச்சு செய்கிறவன். கல்யாணமாகி மாமனார் வீட்டுக்கு வந்த பிறகும் அதே வேலைதான். அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு வேகமாகத் தட்டினால் வெளியே நிற்பவர்களுக்கு அது பொறியியல் மாதிரியே கேட்கும். மனைவி றுமானாவுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

“மெல்லத் தட்டுங்க. நீங்க உள்ளுக்க ராக்கெட் விடுறீங்க எண்டு வாப்பா ஆக்களுக்குச் சொல்லிட்டிரிக்கார்” என்பாள்.

இப்படியிருக்க, ‘கிழக்கின் சுடர்ப் பேரவை’ அப்துல் ஸமட்டுக்குச் ‘சமூகச் சிற்பி’ விருது வழங்கத் தீர்மானித்தது. தீர்மானித்த மூவரில் ஒருவர் பேரவைத் தலைவர் நளீர். அடுத்தவர் அப்துல் ஸமட்டின் மச்சான். மூன்றாமவர் பெருந்தன்மையோடு வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்ட அப்துல் ஸமட்.

விழாவில் அவருடைய வாழ்க்கையைப் படமாகக் காட்ட ஏற்பாடாகியிருந்தது. ஸ்டூடியோக்காரர் படத்தைச் செய்து கொடுத்தார். மடிக்கணினியில் போட்டால் சத்தம் வந்தது, படம் வரவில்லை. “இதோ, அந்த மாமனிதர்!” என்று அறிவிப்பாளர் முழங்க, திரை கறுப்பாகவே கிடந்தது.

“மகன், இதை ஒருக்காப் பாருங்க” என்றார் மாமனார்.

மாமி ஆயிஷா உம்மா பிளேன்டீயும் தொதல் இனிப்பும் கொண்டுவந்து வைத்தார். பக்கத்து வீட்டுக்காரரும் எட்டிப் பார்த்தார். முஸ்தாக் இணையத்திலிருந்து ஓர் இலவசப் பிளேயரை இறக்கினான். அதில் போட்டதும் மாமனார் வண்ணத்தில் எழுந்தருளினார்.

“மாஷா அல்லாஹ்! ஆனா ரெண்டு தரம் தட்டினா இன்னும் பழையதிலதானே திறக்குது? விழாவில அப்படித் திறந்தா என்ன செய்யிற? ஒரேயடியா மாத்த ஏலாதா?”

அது ஒன்றுதான் முஸ்தாக்குக்கு உண்மையாகவே தெரிந்த விஷயம். கோப்பின் மேல் ரைட் கிளிக் பண்ணினான். ‘இதில் திற’ என்ற இடத்துக்குப் போய்ப் புதிய பிளேயரைத் தேர்ந்தான். மாமனார் தாய்மொழிப் பற்றுள்ளவர். மடிக்கணினியையும் தமிழில்தான் வைத்திருந்தார். கீழே சின்னதாய் ஒரு கட்டம்: ‘எப்போதும் இதிலேயே திறக்கவும்.’ எல்லோரும் பார்க்கிறார்களா என்று ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, கையெழுத்து வைப்பதுபோல அதில் சரி அடையாளம் போட்டான்.

“பார்த்தீங்களா? இதுக்குத்தான் எஞ்சினியர் மருமகன் வேணும் எண்டுற!” என்றார் மாமனார் பக்கத்து வீட்டுக்காரரிடம்.

அந்தப் பிளேயரின் குணம் என்னவென்று முஸ்தாக் பார்க்கவில்லை. அந்த ஃபோல்டரில் வேறு என்ன இருக்கிறது என்றும் பார்க்கவில்லை.

விழா மண்டபம் நிறைந்திருந்தது. ஒலிவாங்கியில் நளீர், “தொழில்நுட்ப ஏற்பாடு, பொறியியலாளர் முஸ்தாக்” என்று அறிவித்தார். முஸ்தாக் எழுந்து தலையசைத்து உட்கார்ந்தான். பெண்கள் பக்கமிருந்து றுமானா பார்ப்பது தெரிந்தது. அந்தப் பக்கம் அவன் திரும்பவில்லை.

படம் ஓடியது. மாமனார் பாடசாலைக்கு அடிக்கல் நாட்டினார், கிணற்றுக்கு அடிக்கல் நாட்டினார், கடைசியில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடலுக்கும் அடிக்கல் நாட்டுவாரோ என்று நினைக்கும்போது படம் முடிந்தது. கைதட்டினார்கள். நளீர் பொன்னாடையை விரித்தார்.

பிளேயர் முடிக்கவில்லை. ஃபோல்டரில் இருந்த அடுத்த வீடியோவை அது தானாகவே எடுத்துக்கொண்டது.

திரையில் அப்துல் ஸமட் தன் வீட்டு விறாந்தையில் நின்றார். மேலே கோட்டும் டையும், கீழே சாரன்.

“பெரியோர்களே! இப்படியொரு விருது எனக்குக் கிடைக்கும் என்று நான் கனவிலும் எதிர்பார்க்கவில்லை...” நிறுத்தி, கேமராவைப் பார்த்தார். “சரியா வந்திச்சா?”

போன் பிடித்திருந்த ஆயிஷா உம்மாவின் குரல் மண்டபமெங்கும் கேட்டது: “எதிர்பார்த்த மாதிரித்தான் இரிக்கி. கொஞ்சம் திடுக்கிட்டுச் சொல்லுங்க.”

முன்வரிசை சிரிப்பை அடக்கியது. பின்வரிசைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. முஸ்தாக் கைக்கு அகப்பட்ட விசையையெல்லாம் அழுத்தினான். சத்தம் கூடியது.

அடுத்த வீடியோ. இம்முறை மாமனார் நெஞ்சில் கைவைத்துப் பின்னால் ஓர் அடி துள்ளினார்.

“இப்ப பேயக் கண்ட மாதிரி இரிக்கி” என்றது ஆயிஷா உம்மாவின் குரல். மண்டபத்தில் உட்கார்ந்திருந்த ஆயிஷா உம்மா முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்.

முஸ்தாக் புரொஜெக்டரின் வயரைப் பிடுங்கினான். படம் போனது. ஸ்பீக்கர் போகவில்லை. வெறுந்திரைக்குப் பின்னாலிருந்து அடுத்த ஒத்திகை தெளிவாகக் கேட்டது:

“இந்த இடத்தில எனக்கு நா தழுதழுக்கும். நளீருக்குச் சொல்லியிரிக்கன், அவர் உடனே தண்ணி கொண்டுவந்து தருவார்.”

மேடையில் நளீர் தண்ணீர்ப் போத்தலோடு நின்றார். அதைப் பொன்னாடைக்குள் மறைத்தார்; பிறகு யோசித்து மேசைக்கடியில் வைத்தார்.

முஸ்தாக் மடிக்கணினியின் மூடியை அடித்து மூடினான். அன்று அவன் செய்த ஒரே பொறியியல் அதுதான்.

“சிறியதொரு தொழில்நுட்பக் கோளாறு...” என்று நளீர் தொடங்கினார்.

“கோளாறு ஒண்டுமில்ல! நல்லாத்தானே வேல செஞ்சிச்சு!” என்றான் பின்னாலிருந்து ஆட்டோக்கார ஜவாத்.

விழா நின்றுவிடவில்லை. பொன்னாடை போர்த்தினார்கள். ஏற்புரைக்கு அழைத்தார்கள். அப்துல் ஸமட் ஒலிவாங்கியைப் பிடித்தார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு உரை. அது இப்போது மண்டபத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்.

“பெரியோர்களே!” என்றார். வேறு எதுவும் வரவில்லை. “இப்படியொரு விருது...”

“கனவிலும்!” என்று பின்வரிசை எடுத்துக் கொடுத்தது.

“வஸ்ஸலாம்” என்று சொல்லி இறங்கினார். அவர் வாழ்நாளில் பேசிய மிகச் சிறிய பேச்சு. நா தழுதழுத்தது உண்மை, தண்ணீர் வரவில்லை.

வேனில் வீடு திரும்பினார்கள். ஆயிஷா உம்மாவின் மடியில் பொன்னாடை கிடந்தது. அதை மடிப்பதா விரிப்பதா என்று தெரியாமல் அவர் ஓரத்தைத் தடவிக்கொண்டே வந்தார். முஸ்தாக் தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை அப்துல் ஸமட் வழக்கமாகப் போகும் தேநீர்க் கடைக்குப் போகவில்லை. மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து மருமகனின் அறைக்கதவைத் தட்டினார். அந்த வீட்டில் அவர் ஒரு கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை.

“மகன்... நளீர் போன்ல கோல் எடுத்தவர். என்னெண்டு கேட்டவர்.” நிலத்தைப் பார்த்துக் கதைத்தார். “வைரஸா இரிக்குமோ? நீங்க வைரஸ் எண்டா வைரஸ்தான். எஞ்சினியர் சொன்னா ஆக்கள் நம்புவாங்க.”

முஸ்தாக்கின் நாக்கில் அந்தச் சொல் தயாராக வந்து நின்றது. ‘ஓம் மாமா, வைரஸ்.’ அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் மானம் திரும்பும், அழைப்பிதழும் காப்பாற்றப்படும். கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்த றுமானாவின் கை நின்றது.

“வைரஸ் இல்ல மாமா” என்றான். “அந்தப் பிளேயர் அப்படித்தான். ஒண்டத் திறந்தா ஃபோல்டர்ல உள்ள எல்லாத்தையும் வரிசையா ஓட்டும். எனக்கு அது தெரியா. நான்... எஞ்சினியர் இல்ல மாமா. பில்லைப் பார்த்துத் தட்டுற வேலதான் எனக்கு.”

றுமானா மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போனாள்.

“கார்ட்ல அப்படிப் போட்டது நான்தானே” என்றார் அப்துல் ஸமட். கதிரையை இழுத்து உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். “பழையபடி மாத்தித் தாங்க.”

“பழையதுக்கு மாத்தினா ஸ்டூடியோவில செஞ்ச உங்கட படம் தெரியா, மாமா. கறுப்பாத்தான் இரிக்கும். சத்தம் மட்டும் வரும்.”

“கறுப்பாவே இரிக்கட்டும்.”

முஸ்தாக் ரைட் கிளிக் பண்ணினான். ‘இதில் திற.’ பழைய பிளேயர். கீழே அதே கட்டம். இம்முறை யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கவில்லை, சரி போட்டான்.

“சரி வந்திட்டா?”

“ஒண்டப் போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்.”

போட்டுப் பார்க்க ஃபோல்டரில் என்ன இருந்தது என்று இருவருக்கும் தெரியும். மாமனார் தலையசைத்தார். முஸ்தாக் இரண்டு தரம் தட்டினான். போனில் எடுத்தது என்பதால் பழைய பிளேயரிலும் படம் தெரிந்தது.

கோட்டும் டையும் சாரனுமாக அப்துல் ஸமட் வந்து நின்றார். கனவிலும் எதிர்பார்க்கவில்லை என்றார். சரியா வந்திச்சா என்று கேட்டார். கொஞ்சம் திடுக்கிட்டுச் சொல்லுங்க என்றது ஆயிஷா உம்மாவின் குரல். படம் நின்றது.

இருவரும் காத்திருந்தார்கள். அடுத்தது வரவில்லை.

“நிண்டுட்டா?”

“நிண்டுட்டு, மாமா.”

ஆனாலும் இருவரும் அந்த நின்றுபோன திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை விட்டால் பார்ப்பதற்கு அந்த அறையில் இருந்தது ஒருவருக்கு மற்றவரின் முகம் மட்டும்தான்.