முகப்பு விளம்பரமும் இரண்டாவது அப்பளமும்

என் வலைப்பூவின் தலைமாட்டில் எட்டு மாதம் ஒரு காலிக் கட்டம் கிடந்தது. 'இந்த இடம் விளம்பரத்துக்கு. தொடர்புக்கு: ரோஸ்லின்' என்று எழுதி என் எண்ணையும் போட்டிருந்தேன். எட்டு மாதத்தில் அழைத்தவர்கள் மூன்று பேர். ஒருவர் வாடகைக்கு வீடு கேட்டார், ஒருவர் எனக்குக் கடன் தர முன்வந்தார், மூன்றாமவர் ராங் நம்பர்.

தமிழ்நாட்டிலிருந்து ஹைதராபாத்துக்குப் பிழைக்க வருகிறவர்களுக்காக எழுதும் சின்ன வலைப்பூ அது. எந்தக் கோயிலில் தமிழ்ப் பூசை, எந்த ஹாஸ்டலில் தண்ணீர் வரும், எந்த வீட்டுக்காரர் மீன் சமைத்தால் முகம் சுளிப்பார் என்றெல்லாம் எழுதுவேன். அமீர்பேட்டில் 'நூறு சதவீதம் வேலை உறுதி' என்று போர்டு வைத்திருக்கும் கோச்சிங்காரர்களைக் கிழி கிழியென்று கிழித்து ஒரு பதிவு எழுதினேன். பொய்க் கணக்குக் காட்டி ஆள் பிடிக்கிறவர்கள் என்று அதில் திட்டியிருந்தேன். அதுதான் நிறையப் பேர் படித்த பதிவு.

தானாக வந்து விழும் விளம்பரங்களையும் போட்டுப் பார்த்தேன். ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டிய பதிவின் நடுவிலேயே ஒரு ஹாஸ்டல் விளம்பரம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது. அன்றே பிடுங்கி எறிந்தேன். என் சுவரில் யார் போஸ்டர் ஒட்டலாம் என்று நான்தான் சொல்வேன்.

அப்போதுதான் முகமது யூசுப் பாய் அழைத்தார். கடையநல்லூர்க்காரர். அமீர்பேட்டில் இரண்டாவது மாடியில் மெஸ் நடத்துகிறார். மாதம் ஆயிரத்து ஐந்நூறு என்றேன். பேரமே பேசவில்லை. ஆனால் விளம்பரத்தில் ஒரு வரி வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தார்: 'இன்னொரு அப்பளம் தாங்க என்று தமிழில் கேட்டால் இன்னொரு அப்பளம் இலவசம்.' இடம் வீண் பாய், மீன் குழம்பைப் பெரிதாகப் போடுவோம் என்று மன்றாடினேன். மனிதர் அசையவில்லை.

முதல் மாதம் அந்தப் படத்தைத் தொட்டு மெனுவுக்குள் போனவை ஐம்பத்தெட்டு கிளிக். இரண்டாம் மாதம் ஆயிரத்து முன்னூற்று இருபத்தாறு! எனக்குத் தலைகால் புரியவில்லை. பாய்க்கு அறிக்கை அனுப்பினேன். கையோடு விலையை இரண்டாயிரத்து ஐந்நூறாக்கி, அடுத்த மாதத்துக்கு முன்பணமும் வாங்கிவிட்டேன். குழந்தை பிறந்து வேலையை விட்ட பிறகு என் கைக்கு வந்த முதல் சம்பாத்தியம். என் கணவர் ஃபெலிக்ஸைவிட அதிகம் சந்தோஷப்பட்டது அவனுடைய அப்பா ஜேம்ஸ் மாமாதான். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இரண்டு வருடமாகக் குகட்பள்ளியில் எங்களோடு இருக்கிறார். தினமும் சாயங்காலம், "இன்னைக்கு எத்தனைம்மா?" என்று கேட்பார். சொன்னால், தான் நட்ட செடி பூத்த மாதிரி ஒரு சிரிப்பு.

போன புதன்கிழமை பாய் மறுபடி அழைத்தார். "தங்கச்சி, குகட்பள்ளியில ஒரு கடை பாத்திருக்கேன். வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் குடுக்கணும். நம்ம படத்தைத் தொடுதவங்க எந்த எந்த ஏரியான்னு சொல்ல முடியுமா?"

ஏரியா தெரியாது, ஊர் தெரியும் என்று சொல்லிவிட்டு, போன மாதக் கிளிக்குகளை ஊர்வாரியாகக் காட்டும் பக்கத்தை முதல்முறையாகத் திறந்தேன். தூத்துக்குடி தொள்ளாயிரம். குவைத் அறுபத்தைந்து. ஹைதராபாத் முன்னூற்று அறுபத்தொன்று. அதிலும் முன்னூறு, தினமும் காலை ஐந்து நாற்பதுக்குப் பத்துப் பத்தாக வந்தவை. எங்கள் வீட்டில் காலை ஐந்து நாற்பதுக்கு விழித்திருக்கும் ஜீவன் ஒன்றே ஒன்று. ஜெபமாலையை முடித்துவிட்டு ஃபோனை எடுப்பவர்.

"மாமா, விளம்பரத்தை நீங்களா தொடுதீங்க?"

"ஆமாம்மா!" என்றார் பெருமையாக. "நான் மட்டுமா? நம்ம அன்பியம் பூரா தொடுது."

ஊரில் எங்கள் சர்ச் பங்கில், ஒரு முப்பது குடும்பம் சேர்ந்து முறைவைத்து வீடு வீடாக ஜெபம் செய்யும் குழுவுக்கு அன்பியம் என்று பெயர். அதற்கு வாட்ஸாப்பும் உண்டு; குவைத்துக்குப் பிழைக்கப் போன பிள்ளைகளும் அதில் உண்டு. மாமா நீட்டிய ஃபோனைப் பார்த்தேன். அன்றைய இறைவார்த்தை, அதன் கீழே என் வலைப்பூவின் லிங்க், அதன் கீழே: 'மருமகள் ரோஸ்லின் வேண்டுதலுக்காக, மேலே உள்ள படத்தை ஆளுக்கு ஒரு தடவை தொடவும்.' அதற்கும் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள்.

"தொட்டாத்தானம்மா காசு? ஃபெலிக்ஸ்தான் சொன்னான்."

ஃபெலிக்ஸ் சொன்னது அந்தப் பிடுங்கி எறிந்த விளம்பரத்தைப் பற்றி. இது நேரடியாக விற்ற இடம். யார் தொட்டாலும் தொடாவிட்டாலும் மாதத்துக்கு இவ்வளவு. அதைச் சொல்லும் தெம்பு அப்போது எனக்கு இல்லை. எரிச்சல் உச்சந்தலைவரை ஏறியது. திட்டுவதற்கு வாயைத் திறந்தால், எதிரில் பூரிப்போடு ஒரு முகம். ஃபோனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"எவன் வந்து எண்ணப் போறான்? சும்மா இரு," என்றான் ராத்திரி விஷயத்தைக் கேட்ட ஃபெலிக்ஸ். அவனையாவது திட்டித் தீர்த்தேன். கூட்டி வாங்கிய ஆயிரம் ரூபாய்கூடப் பெரிதில்லை. என் கணக்கை நம்பி ஒரு மனிதர் கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறார். கோச்சிங்காரர்களுக்கும் எனக்கும் இனி என்ன வித்தியாசம்? அந்தப் பதிவை எந்த முகத்தோடு வைத்திருப்பது?

வியாழக்கிழமை காலை மெட்ரோ பிடித்து அமீர்பேட்டில் இறங்கினேன். கையில் ஆயிரம் ரூபாய். இரண்டு மாடி ஏறினேன். மெஸ்ஸில் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் இன்னும் முழுதாகச் சேரவில்லை. கல்லாவில் பாய்.

மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். தூத்துக்குடி, குவைத், ஜெபமாலை, எதையும் விடவில்லை. "ஆயிரத்து முன்னூறு இல்ல பாய். அறுபத்தொண்ணுதான். என் நம்பரை நம்பி அட்வான்ஸ் குடுத்துராதீங்க."

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குவைத்துல இருந்தா?" என்றார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "உங்க நம்பரை நம்பியா தங்கச்சி நான் கடை போடுவேன்? அதை நான் பாக்குததே இல்ல."

கல்லாவுக்குள்ளிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்துப் போட்டார். கிழித்த தினசரிக் காலண்டர் தாள்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சில் கோடுகள். இரண்டு, மூன்று, ஒன்று, ஐந்து.

"இது என்ன பாய்?"

அதற்குள் பரிமாறும் நரசிம்முலு, தெலுங்கைத் தவிர எதுவும் தெரியாதவர், அப்பளத்தை அப்படம் என்கிறவர், உள்ளிருந்து குரல் கொடுத்தார்: "எக்ஸ்ட்ரா அப்படம், தமிழ்!" பாய் அன்றைய தாளின் பின்னால் ஒரு கோடு போட்டார்.

"அப்பள விஷயம் உங்க படத்துல மட்டுந்தான் இருக்கு. இங்க போர்டுலகூடக் கிடையாது. தமிழ்ல அப்பளம் கேட்டா, ஒண்ணு உங்க பக்கத்தைப் பாத்த ஆளு, இல்லன்னா அந்த ஆளு கூட்டிட்டு வந்த ஆளு. போன மாசம் எழுபத்துநாலு அப்பளம். முக்கால்வாசிப் பேரு குகட்பள்ளி. நானே கேட்டுக்கிட்டேன். ஏரியாவை மட்டும் ஒத்துப் பாக்கலாம்னுதான் உங்ககிட்டயும் கேட்டது."

என் அறுபத்தொன்றைவிட அவருடைய எழுபத்துநாலு அதிகம். சந்தோஷம் வருவதற்குள் ஒரு பயம் முந்திக்கொண்டது. "பாய், அதுல வெள்ளை மீசை வச்ச, ஒல்லியா, கழுத்துல ஜெபமாலை போட்ட ஒருத்தர்..."

"இல்லவே இல்ல. அந்த வயசுல இந்த ரெண்டு மாடி யாரு ஏறுவா?"

அப்போதுதான் மூச்சு வந்தது. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர். சாம்பார் காரம் என்று சொல்ல முடியாது, இன்னும் சாப்பிடவில்லை.

ஆயிரம் ரூபாயை நீட்டினேன். பழைய விலையே போதும் என்றேன். மரியாதைக்குக்கூட ஒருமுறை வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக் கல்லாவில் போட்டார். வியாபாரி. "அப்போ பழைய விலைக்கு ஆறு மாசம் எழுதிக்கோங்க," என்றார். "அப்பள வரியை மட்டும் எடுத்துராதீங்க." அந்த வரியை இனி நெற்றியில் பச்சை குத்தச் சொன்னாலும் குத்திக்கொள்வேன்.

சாயங்காலம் மாமாவிடம் பக்குவமாகச் சொன்னேன். முகம் வாடிப்போயிற்று. "அப்போ நான் உனக்குக் கெடுதலாம்மா செஞ்சேன்?"

"இல்ல மாமா. ஜெபத்தை நிறுத்தாதீங்க. தொடுததை மட்டும் நிறுத்துங்க."

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அன்பியத்துக்கு அறிவிப்பு போய்விட்டது: 'கிளிக் போதும். ஜெபம் மட்டும் தொடரவும்.' கும்பிட்ட கைகள் வழக்கம்போல வந்தன.

மறுநாள் எழுந்ததும் கணக்கைத் திறந்தேன். ஐந்து நாற்பதுக்கு நேரே பூஜ்யம். தூத்துக்குடி தொடும் ஏழு மணிக்கும் பூஜ்யம். இத்தனை அழகான பூஜ்யத்தை என் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

மதியம் பன்னிரண்டரைக்கு ஒன்று வந்தது. ஹைதராபாத். யாருக்கோ உண்மையாகவே பசித்திருந்தது.