நடு ஏரியிலிருந்து ஒரு குரல்

அந்த ஏரியின் நடுவிலிருந்து கூப்பிட்டால் கரைக்குக் கேட்க முப்பத்தோரு வருஷம் ஆகும். கரையிலிருந்து நடு ஏரிக்கும் அதே கணக்குதான். ஒரு நாள்கூடத் தப்பாது. படகுக்குள் பேசிக்கொள்ளவோ கரையில் சண்டை போடவோ ஒரு தடையும் இல்லை. இடையில் கிடக்கும் தண்ணீரைத் தாண்டத்தான் குரலுக்கு அவ்வளவு சோம்பல். காரணம் கண்டுபிடிக்க ஒரு பேராசிரியர் கருவிகளோடு வந்தார். நடு ஏரியில் நின்று அவர் கத்திய கேள்விகள் இன்னும் வழியில்தான் இருக்கின்றன. அதற்காக மீன் பிடிக்காமல் இருக்க முடியுமா? ஒவ்வொரு படகிலும் இரண்டு துணி வைத்துக்கொண்டார்கள். வெள்ளையை ஆட்டினால் வலை நிறைந்துவிட்டது, இன்னொரு படகு வரட்டும் என்று அர்த்தம். சிவப்பை ஆட்டினால் உயிருக்கு ஆபத்து. படகைத் தள்ளிவிடுகிறவர் இரண்டு துணியையும் கையால் தொட்டுப் பார்த்த பிறகே தள்ள வேண்டும். யாருடைய குரலாவது வந்து சேரும் நாளில் சொந்தக்காரர்கள் கரையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் பதில் சொல்வார்கள். கூப்பிட்டவர் செத்தே போயிருந்தாலும், பதில் சொல்லாமல் இருப்பது அங்கே மரியாதை இல்லை.

அப்படி ஒரு நாளுக்காகத்தான், ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசிக்கும் அந்தப் பெண் பேருந்தில் வந்து இறங்கினாள். வயது நாற்பது. தினமும் ஆயிரம் பேர் அவள் குரலைக் கேட்டு ஓடுகிறார்கள். வீட்டுக்குப் போனால் தண்ணீர் வேண்டுமா என்று கேட்க ஆளில்லை. அவளுக்கு ஒன்பது வயதில் அப்பாவின் படகு காற்றில் கவிழ்ந்தது. ஆட்டுவதற்குப் படகில் சிவப்புத் துணி இல்லை; கரையிலிருந்து யாரும் உதவிக்குப் போகவில்லை, அப்பா திரும்பவில்லை. அந்த மாதமே அம்மா அவளை நகரத்துக்குக் கூட்டிப்போய்விட்டாள். இப்போது அம்மாவும் இல்லை. "உங்கப்பா சத்தம் பதினாலாந்தேதி வருது, வந்துட்டுப் போம்மா" என்று சித்தப்பா இரண்டு வரி எழுதியிருந்தார். அவளுடைய பையில், மாற்றுத் துணிகளுக்கு அடியில், அப்பாவின் படகுச் சிவப்புத் துணி மடித்தபடி இருந்தது. படகு கவிழ்ந்த அன்றைக்குத் தலையில் கட்டிக்கொண்டு ராணி விளையாட்டு விளையாட அவள்தான் அதை எடுத்தாள். இது அவளைத் தவிர ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

பழி முழுக்கச் சித்தப்பா தலையில் விழுந்தது. படகைத் தள்ளிவிட்டவர் அவர். தொட்டுப் பார்த்தேன் என்றுதான் முதலில் சொன்னார். இல்லை என்று ஊரே சொல்லச் சொல்ல, தொட்டோமா தொடவில்லையா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்புறம் அவரைப் படகு தள்ள யாரும் கூப்பிடவில்லை. பெண் கொடுக்கவும் யோசித்தார்கள். அவரும் தண்ணீரில் கால் வைக்கவில்லை. பின்கட்டு அறையில் உட்கார்ந்து அடுத்தவர்களின் கிழிந்த வலைகளைத் தைத்தே தலை நரைத்துப்போனார். வீட்டில் ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். இவள் சாப்பிடப் பக்கத்து வீட்டில் தட்டு வாங்கி வந்தார். அந்தத் தட்டைப் பார்த்ததும் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். ஐந்தாவது நடைமேடை வரை கணீரென்று கேட்கிற குரல், ஒரு கை தூரத்தில் இருந்தவரை எட்டவில்லை.

மறுநாள் காலை கரையில் அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். காப்பாற்றுங்கள் என்ற கதறல்தான் வரும் என்று பெண்கள் முந்தானையைக்கூடத் தயாராக வைத்திருந்தார்கள். பத்து மணிக்குக் குரல் வந்தது. அதில் சிரிப்பு இருந்தது.

"ஏய் குட்டி! என் துணியத் திருடிட்டுப் போய் ராணியாட்டம் நிக்கிறியா? உனக்கு நல்லாத்தான் இருக்கு! காத்து வருது, அங்கேயே நில்லு, அப்பா வந்துடறேன்!"

பொழுது சாயும்வரை காத்திருந்தும் வேறொன்றும் வரவில்லை. ஆனால் அந்த ஒரு குரலிலேயே அறுபது தலைகளும் அவள் பக்கம் திரும்பிவிட்டன. அவள் எழுந்து நின்று, தண்ணீரைப் பார்த்து, "நிக்கிறேன்ப்பா" என்று பதில் சொன்னாள். பிறகு பையிலிருந்த துணியை எடுத்துச் சித்தப்பா கையில் வைத்தாள்.

"நீங்க தொட்டுப் பார்த்தீங்க சித்தப்பா. நீங்க துடுப்பெடுக்கத் திரும்பினப்பதான் நான் எடுத்தேன்."

அவர் துணியை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். முப்பத்தோரு வருஷம் அவர் முகத்தைப் பார்த்துப் பேசாதவர்களுக்கெல்லாம் சாயங்காலம் திடீரென்று வீட்டில் வேலை வந்துவிட்டது. அவர் சமைத்தார், பரிமாறினார், இரண்டு தட்டையும் கழுவிக் கவிழ்த்தார். அவளுக்குத் திட்டு வாங்கியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

விடிந்ததும் ஒரு படகை இரவல் வாங்கி, அந்தச் சிவப்புத் துணியை அதில் வைத்து, "தள்ளி விடு" என்றார். அவள் வெள்ளையைத் தொட்டாள், சிவப்பைத் தொட்டாள், இன்னொரு தடவை சிவப்பைத் தொட்டுவிட்டுத் தள்ளினாள். அவர் நேராக நடு ஏரிக்குப் போனார். அங்கே எழுந்து நின்று, கைகளை வாயருகே குவித்து, அவளைப் பார்த்து எதையோ கத்தினார். கால் மணி நேரம் கத்தினார். வாய் அசைவது தெரிந்தது; கோபமா அழுகையா என்று அவ்வளவு தூரத்திலிருந்து அவளுக்குப் பிடிபடவில்லை.

திரும்பி வந்து படகைக் கட்டினார். குரல் கம்மியிருந்தது.

"பஸ் எத்தனை மணிக்கு?"

"ஒன்பதரைக்கு சித்தப்பா."

"அன்னிக்கு வந்துடு. நான் இருந்தாலும் இல்லாட்டியும்."

என்ன சொன்னீர்கள் என்று முன்கூட்டியே கேட்பது அந்த ஊரில் வழக்கமில்லை. அவளும் கேட்கவில்லை. பேருந்தில் உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்த நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் தேதியைக் குறித்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு எழுபத்தொன்று நடக்கும். காலையில் நேரத்தோடு வந்துவிட வேண்டும் என்றும் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.