கல்லாவில் தூங்கும் ஆள்

ஊட்டி மார்க்கெட்டில் எங்கள் வர்க்கிக் கடை. மதியச் சாப்பாடு முடிந்த பிறகு கல்லாவில் இருப்பது என் வீட்டுக்காரர் ஜாகீரின் உடம்பு மட்டும்தான். வாய்க்குள் ஈ போய்விட்டு வந்தாலும் அவருக்குத் தெரியாது. வியாபாரம் முழுக்க என் தலையில். அதனால்தான், பெர்ன்ஹில்லில் புதன்கிழமை மதியம் நடக்கும் டிரைபாயிண்ட் என்ற அச்சுப்பட வகுப்புக்குப் போகிறேன் என்றதும் மனிதருக்கு மதியத் தூக்கம் போய்விடுமே என்ற கவலை வந்துவிட்டது. ஒரு வாரம் போ, தேறுகிற மாதிரி படம் வந்தால் வாராவாரம் போ, இல்லையென்றால் கடையைப் பார் என்று பெரிய மனசு பண்ணினார். வராது என்று அத்தனை நம்பிக்கை. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

ஜானகி டீச்சர் ஒரு பிளாஸ்டிக் தகடும் ஊசியும் கொடுத்தார். தகட்டில் ஊசியால் படத்தைக் கீறி, கீறலில் மையைத் தேய்த்து, மேலே நிற்பதைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து உருளைக்கடியில் ஓட்டினால் படம் தாளில் இறங்கும். எதைக் கீறுவது என்று நான் யோசிக்கவே இல்லை. சாய்ந்த தலை, திறந்த வாய், இடது கன்னத்து மச்சம், எல்லாம் தினமும் பார்க்கிறதுதானே.

துடைப்பதில்தான் கோட்டை விட்டேன். அடுப்புத் தட்டில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாலும் மாமியாரிடம் பேச்சு வாங்கிப் பழகிய கை இது. பளபளவென்று தேய்த்துத் தள்ளினேன். தாளை எடுத்தால் வெள்ளை வெளேர். டீச்சர் சிரித்தார்.

"கொஞ்சம் அழுக்கு இருக்கணுமுங்க சுரையா."

இத்தனை வருஷத்தில் யாரும் எனக்குச் சொல்லாத நல்ல வார்த்தை. அடுத்த முறை அரைகுறையாகத் துடைத்தேன். வந்துவிட்டார் ஜாகீர், குறட்டை மட்டும்தான் பாக்கி. ஆனால் தகட்டில் கீறியது தாளில் இடவலமாகத் திரும்பி விழுமாம். மச்சம் வலது கன்னத்துக்குப் போயிருந்தது.

கடையில் கொண்டுவந்து காட்டினேன். அவர் முகம் சுண்டிப்போனது. பிறகு மச்சம் கண்ணில் பட்டது. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனிதராயிற்றே.

"இது நானில்ல. எனக்கு மச்சம் இந்தப் பக்கம். படம் தேறல, நீ கடையப் பாரு."

சரி, தோற்றேன் என்று ஒத்துக்கொண்டேன். யாரோ ஒருவர் படம்தானே என்று கல்லாவுக்கு மேலேயே ஆணியடித்து மாட்டினேன்.

முதலில் வந்தவர் அருவங்காட்டு நெல்சன், எங்கள் பழைய வாடிக்கை. படத்தைப் பார்த்தார், ஜாகீரைப் பார்த்தார். பாய் தூக்கம் கெட்டுவிடுமே என்று, குசுகுசுவென்று என்னிடம் அரைக் கிலோ வர்க்கி கேட்டார். பின்னால் நின்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். சாயங்காலம் முழுக்கக் கடையில் ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. ஜாகீர் கண்ணை அகல விழித்து உட்கார்ந்திருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்கி அடக்கி விலா வலித்தது.

ஷட்டரை இறக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"புதன்கிழமை நீ போயிட்டு வா. கடைய நான் பாத்துக்கறேன். அந்த ஆள மட்டும் எறக்கிரு."

"எந்த ஆளைங்க?" என்றேன்.