முன்னால் புறப்பட்ட பை

திருப்பதியிலிருந்து ராஜமுந்திரிக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். இதை நான் சொல்லாத ஆள் ஆரணியில் இல்லை. ஜரிகை வாங்கப் போன கடையில்கூடச் சொன்னேன்.

ராஜமுந்திரியில் என் மகள் ஜெயப்ரியாவுக்கு ஞாயிறு காலை வளைகாப்பு. முதல் வளையலை அவள் அம்மா பரிமளாதான் போட வேண்டும். ஒரு மணி நேரம்தானே என்று சனிக்கிழமை மதியத்துக்கு டிக்கெட் போட்டேன். ஆரணியிலிருந்து அந்த விமான நிலையத்துக்கே காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று டிக்கெட்டில் எழுதியிருக்கவில்லை. வாடகைக் கார் வேறு ஒன்பது மணிக்குத்தான் கிடைத்தது.

"ஒம்போது மணிக்கு ராகு காலங்க" என்றாள் பரிமளா.

"அதுக்கின்னா? பையை முன்னாடியே அனுப்பிட்டா போச்சு."

நல்ல நேரத்தில் பையைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டால், நாமும் அப்போதே புறப்பட்டதாகக் கணக்கு. எங்கள் தெருவில் எல்லோரும் செய்வதுதான். வெள்ளிக்கிழமை மாலையே பக்கத்து வீட்டு இராஜமாணிக்கத்திடம் கொண்டுபோய் வைத்தேன். வெறும் பையை வைத்தால் ராகுவை ஏமாற்றுவதாகிவிடும் என்று மகளின் பட்டுப்புடவை, வளையல்கள், எங்கள் ஆதார் அட்டைகள் எல்லாவற்றையும் அதிலேயே போட்டேன். அவ்வளவு நேர்மை.

காலையில் கார் வந்தது. இராஜமாணிக்கம் வீட்டில் பூட்டு. போன் போட்டேன்.

"களம்பூர்ல கீறேண்ணா. மில்லுல அரிசி எடுத்துகினு கீறேன்."

"எங்க பை உள்ள கீதுப்பா!"

"அதாண்ணா பத்திரமா பூட்டிகினு வந்தேன்."

"நீயும் உன் பத்திரமும்! ஜல்தியா வாப்பா!"

வந்தார். அரிசி மூட்டையோடு, மூட்டைக்கு வலிக்காத வேகத்தில். பரிமளா காரில் ஏறி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பை நல்ல நேரத்துல கெளம்பிடிச்சி. நாமதான் கெளம்பல."

வழியெல்லாம் லாரிகள். விமானத்தைப் பிடிக்க முடியாது என்று சித்தூர் தாண்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. விமான நிலையத்தில் கவுண்டர் மூடியாகிவிட்டது. எங்கள் விமானம் எங்கள் தலைக்கு மேலேயே ஏறிப் போனது. அதைப் பார்த்துத்தான் பரிமளா அழுதாள். அழாமல் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மகளுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஒரு மணி நேரம், ஒரு மணி நேரம்னு ஊரெல்லாம் சொன்னியேப்பா!"

"ஒரு மணி நேரந்தாம்மா. ஏறியிருந்தா."

அவள் சிரித்தாள். "அம்மா, அழாத. ரயில்ல வா. காலைல லேட்டானா மத்தியானம் வெச்சிக்கலாம். நீ வர்ற வரைக்கும் யாருக்கும் கையை நீட்ட மாட்டேன்."

பரிமளா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ரேணிகுண்டா ஸ்டேஷன் பக்கந்தானே? எழுந்திரிங்க."

"இப்ப எமகண்டம்..." என்று இழுத்தேன்.

அவள் பார்த்த பார்வையில் எமனே வழிவிட்டிருப்பான்.

ரயிலில் மேலே சாமான் வைக்க இடம் இருந்தது. எதிரில் இருந்தவர் தெலுங்கில், பையை அங்கே வைத்துத் தரவா என்று கேட்டார். வேண்டாம் என்று மடியிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இந்த முறை பையும் நாங்களும் ஒன்றாகவே போனோம்.