பெட்டிக்குள் நொபுஹிரோ

நொபுஹிரோவை எத்தனை தடவை கொன்றிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சூப்பர் ஃபாமிகாம் என்ற வீடியோ கேம் மெஷினில் கொன்றிருக்கிறேன். அதற்குப் பின்னால் வந்த வட்டத்தட்டு மெஷின்களில் கொன்றிருக்கிறேன். வேலைக்குப் போகும் ரயிலில் நின்றபடியே செல்போனிலும் கொன்றிருக்கிறேன். வீரர்களுக்குப் பெயர் வைக்கச் சொல்லும் விளையாட்டு எது வந்தாலும் சரி, நால்வரில் ஒருவனுக்கு நொபுஹிரோ என்று வைப்பேன். பிறகு அவன் கவசத்தைக் கழற்றிவிட்டு வெறும் உடம்போடு டிராகன் முன்னால் நிறுத்துவேன்.

என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து அவித்த சோயாக்காயை உரித்துத் தின்றுகொண்டே கேட்பார். "யாருடி அந்தப் பாவி? பழைய காதலனா?"

"காதலனா இருந்தா ஒரு தடவையோட விட்டிருப்பேன்."

சிரிப்பார். நானும் சிரித்து வைப்பேன். ஆனால் அது சிரிக்கிற விஷயம் இல்லை.

கஜிதானி நொபுஹிரோ என் அண்ணன் சுதோமுவின் வகுப்புத் தோழன். கிழக்கு ஒசாகாவில் எங்கள் வீட்டின் கீழே அப்பாவின் லேத் பட்டறை, மாடியில் நாங்கள். முதலில் வந்தது ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர். படிப்புக்கு உதவும் என்று யாரோ சொன்னதை அப்பா நம்பிவிட்டார். பத்திரிகையில் அச்சாகி வரும் புரோகிராமை நான் வரிவரியாக வாசிக்க, அண்ணன் தட்டுவான். ஒரு புள்ளி தப்பினால் ராக்கெட் கிளம்பாது. கிளம்பியதைச் சேர்த்து வைக்க டேப் ரிக்கார்டரை மாட்டுவோம். அது போடும் கீச்சொலியைக் கேட்டு எங்கள் நாய் கொந்தா ஊளையிடும். கீழேயிருந்து அப்பா, "படிக்கிறீங்களா, இல்ல நாயைக் கொல்றீங்களா?" என்று கத்துவார்.

அப்புறம் டிவியில் மாட்டி விளையாடும் ஃபாமிகாம் சிவப்பும் வெள்ளையுமாக வந்தது. முதல் கைப்பிடி அண்ணனுக்கு, இரண்டாவது எனக்கு. இரண்டாவதில் ஆரம்பிக்கிற பட்டன் கிடையாது, மைக் மட்டும் உண்டு. ஆரம்பிப்பதும் நிறுத்துவதும் அவன் அதிகாரம், கத்துவது மட்டும் என் உரிமை. நன்றாகவே கத்தினேன்.

நாங்கள் உயிரை விட்டது 'நிலவுக் கோட்டை' என்ற கேசட்டுக்காக. உள்ளே சின்ன பேட்டரி வைத்து, விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் கேசட் அது. மூன்று பதிவுகள் வைக்கலாம். ஒரே ஒரு விதி. ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் சுவிட்சை அணைக்க வேண்டும். மறந்தால் மாதக்கணக்கில் நடந்த நடையெல்லாம் போச்சு. எங்கள் தெருவில் அந்த விதியை மறந்த அம்மாக்களிடம் பிள்ளைகள் வாரக்கணக்கில் பேசாமல் இருந்ததுண்டு.

அதில் யாராவது செத்தால் சவப்பெட்டியாகிவிடுவார்கள். மற்றவர்கள் அந்தப் பெட்டியை இழுத்துக்கொண்டே நடக்க வேண்டும். நால்வருக்கும் அண்ணன்தான் பெயர் வைத்தான். சுதோமு, சயோகோ என்ற நான், கொந்தா, நொபுஹிரோ.

"நொபுண்ணன் எதுக்கு? அம்மாவைச் சேர்த்துக்கோ" என்றேன்.

"அம்மா சண்டைக்கு வரமாட்டா. நொபுதான் வருவான்."

கடைசிக் கோட்டையின் வாசல்வரை போய்விட்டோம். அங்கே ஒரு கோயிலில் பதிந்து வைத்தோம். அந்த வாரம்தான் அண்ணனுக்கு மூக்கில் ரத்தம் வந்தது, நிற்கவே இல்லை. ரத்தத்தில் ஏதோ கோளாறு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

நொபுஹிரோ டப்பா பீச் பழத்தோடு பார்க்க வந்தான். வரும்போதே கண் கலங்கியிருந்தது. கேசட் இரவல் கொடுப்பது எங்கள் பையன்களின் வழக்கம். அதற்காகத்தான் எல்லோரும் முதுகில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதி வைப்பார்கள். அண்ணனும் எழுதியிருந்தான். படுத்த இடத்திலிருந்தே, "சயோகிட்ட வாங்கிக்கடா. எங்க பதிவ மட்டும் அழிச்சிடாத. கோட்டை வாசல்ல நிக்கறோம்" என்றான்.

"சத்தியமாடா. நீ வீட்டுக்கு வர அன்னிக்கு கொண்டு வந்து தரேன்."

புத்தாண்டுக்கு அண்ணனை இரண்டு நாள் வீட்டுக்கு விட்டார்கள். தலையில் முடி இல்லை, கம்பளித் தொப்பி போட்டிருந்தான். வந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்து, "இன்னிக்கு முடிச்சிடலாம் சயோ. நீ பக்கத்துல இரு, மைக்குல கத்து" என்றான். நொபுஹிரோ வரவில்லை. நான் ஓடினேன்.

அவன் வீட்டுக் கதவைப் பாதி திறந்து நின்றான். "நான் அப்பவே குடுத்துட்டேனே."

"யார்கிட்ட குடுத்தீங்க நொபுண்ணே?"

"உங்க வீட்ல. நீங்கதான் எங்கயோ தொலைச்சிருப்பீங்க."

அவன் முதுகுக்குப் பின்னால், உள்ளறையிலிருந்து, நிலவுக் கோட்டையின் ஊர்ச்சந்தைப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும் அந்தப் பாட்டு. நான் அதைச் சொன்னதும் அவன் அம்மா வந்துவிட்டாள். "என் பையன் பொய் சொல்ற பையன் இல்லம்மா. உடம்பு சரியில்லாத வீடு, எங்க வெச்சோம்னு மறந்திருப்பீங்க" என்று ஆறுதல் சொல்லி, கையில் இரண்டு மாண்டரின் ஆரஞ்சைத் திணித்துக் கதவைச் சாத்தினாள். அந்தப் பழங்களைச் சாக்கடையில் எறிந்தேன்.

அண்ணன் கோபப்படவில்லை. "நொபு வருவான் பாரு" என்றான். இரண்டு நாளும் மாடிப்படியில் யார் கால் சத்தம் கேட்டாலும் திரும்பினான். மூன்றாம் நாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனான். மார்ச்சில் இறந்தான். ஊதுவத்தி ஏற்ற வந்த நொபுஹிரோ விக்கி விக்கி அழுதான். எல்லோரும் அவன் முதுகைத் தடவினார்கள். எனக்கு அந்த முதுகில் எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது.

அதற்கப்புறம்தான் நான் கொல்ல ஆரம்பித்தேன்.

போன வசந்தத்தில் யாரோ அனுப்பிய ஒரு வீடியோவில் அவனைப் பார்த்தேன். ஒசாகாவின் நிப்போம்பாஷியில் பழைய கேம் மெஷின்கள் வைத்து ஒரு பார் நடத்துகிறான். வழுக்கை, வட்டக் கண்ணாடி, கழுத்தில் துணி. கையில் நிலவுக் கோட்டை. "இது என் சின்ன வயசு உயிர். முப்பத்தஞ்சு வருஷமா ஒரு தடவைகூட இதோட பதிவ அழிய விட்டதில்ல. பேட்டரி இன்னும் உசுரோட இருக்கு" என்று சொல்லித் திரையைக் காட்டினான். முதல் பதிவு, நொபுஹிரோ. அதன் கீழே இரண்டாம் பதிவு.

சுதோமு.

யாரோ அதைப் பற்றிக் கேட்க, அவன் சிரித்தபடி, "அதுவா? பழசு வாங்கறப்ப கூடவே வந்தது. யாரோ எவரோ. பாவம்னு வெச்சிருக்கேன்" என்றான்.

யாரோ எவரோவாம். வீடியோவை நிறுத்திவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். துக்கத்தில் இல்லை. வயிறு எரிந்தது.

ஞாயிறு மதியங்களில் அங்கே வருகிறவர்கள் அந்தக் கேசட்டைத் தொட்டு விளையாடலாம். சுவிட்சை மட்டும் யாரும் தொடக்கூடாது, அங்கே எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடும் நொபுஹிரோவேதான் ரீசெட்டைப் பிடித்து அணைப்பான். ஹமாசாக்கி என்ற கணவர் வீட்டுப் பெயரில் இடம் பிடித்தேன். என் திட்டம் எளிது. ரீசெட்டைத் தொடாமல் சுவிட்சை மேலும் கீழும் ஆட்டுவது. அவன் முப்பத்தைந்து வருஷமும் ஒரு நிமிஷத்தில் போக வேண்டும். அண்ணனுடையதும் போகும். போகட்டும், திருடன் வீட்டில் யாரோ எவரோவாகக் கிடப்பதைவிட அது மேல் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் போனேன்.

அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பார்லித் தேநீர் வைத்தான். "பொம்பளைங்க இந்த விளையாட்டக் கேட்டு வர்றது அபூர்வங்க" என்றான். நான்கைந்து பேர் சுற்றி நின்றார்கள். அடிக்கடி வருகிறவர்போல, தாடிக்காரர் ஒருவர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். கேசட்டின் முதுகைத் திருப்பிப் பார்த்தேன். அண்ணன் பெயர் எழுதிய இடம் தின்னர் போட்டுத் துடைத்து வெளுத்துக் கிடந்தது.

திரை வந்தது. நான் இரண்டாம் பதிவைத் திறந்தேன்.

"அது வேண்டாங்க, மேல உள்ளத…" என்று கையை நீட்டினான்.

அதற்குள் வந்துவிட்டார்கள். கோட்டை வாசல் கோயிலில் நால்வரும் வரிசையாக நின்றார்கள். பட்டனை அழுத்தி ஒவ்வொருவர் பையாகத் திறந்தேன். இருந்ததிலேயே நல்ல கவசத்தை அண்ணன் தான் போடவில்லை, எனக்கும் போடவில்லை. நொபுஹிரோவுக்குப் போட்டிருந்தான்.

தாடிக்காரர் சிரித்தார். "என்ன மாஸ்டர், யாரோ எவரோ வெச்ச ஆட்டத்துல உங்க பேரு இருக்கு?"

நொபுஹிரோ திரையில் இரண்டாவதாக நின்ற பெயரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "சயோ…"

"ஆமா நொபுண்ணே. சயோதான். மைக்குல கத்தறவ."

"நான் இதத் திறந்ததே இல்ல சயோ. தைரியம் வரல. அவன் போனதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுத் திருப்பிக் குடுக்கறது?"

"அவன் இருந்தப்பவே வந்து கேட்டேனே. பாட்டு கேட்டுச்சே உள்ள. ரெண்டு நாளு படிக்கட்டையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தான். தெரியுமா உனக்கு?"

"பதிமூணு வயசு எனக்கு. முடிக்காமத் தர மனசு வரல. ஒரு நாள்ல முடிச்சிட்டுக் குடுத்துடலாம்னு…"

"அவனுக்கும் பதிமூணுதான். அவனும் முடிக்கணும்னுதான் வந்தான்."

என் கை சிவப்பு சுவிட்சின் மேல் போனது. சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் அது புரிந்தது, யாரோ "ஐயோ, ரீசெட்!" என்றார்கள்.

"வேண்டாம் சயோ! சுதோமுவும் போயிடுவான்!"

"அவன ஒரு தடவ ஆட்டத்த முடிக்க விடாமலே நீ அனுப்பினவன்தானே? இப்ப என்ன புதுசா பாசம்?" என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. நிஜமாகவே ஆட்டியிருப்பேன். ஆனால் அந்தக் கவசம் கண்ணில் உறுத்திக்கொண்டே இருந்தது. "ஒண்ணு பண்ணு. முதல் திரைக்குப் போ. உன்னோட பதிவ நீயே அழி. இவங்க எல்லாரும் பார்க்க அழி. இல்லன்னா நான் ஆட்டறேன்."

அவன் மண்டியிட்டு முதல் கைப்பிடியை எடுத்தான். முப்பத்தைந்து வருஷத்துப் பதிவு. 'நிஜமாகவே அழிக்கவா?' என்று திரை கேட்டது. நான் கண்ணை எடுக்கவில்லை. 'ஆம்' என்பதை அழுத்தினான். முதல் இடம் காலியானது. அவன் தோள்கள் குலுங்கின. அன்று ஊதுவத்தி முன்னால் குலுங்கிய அதே மாதிரி. இந்த முறை யாரும் அவன் முதுகைத் தடவவில்லை.

ரீசெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவிட்சை அணைத்தேன். கேசட்டை உருவிக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்தேன்.

"மன்னிச்சிடு சயோ" என்றான் தரையைப் பார்த்து.

"மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். படியிறங்கும்போது கால் லேசாக இருந்தது. பொய் எதற்கு, சந்தோஷமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்த ஃபாமிகாமை இறக்கி மாட்டினேன். கணவர் சோயாக்காய்க் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தார். முழுக்கதையும் அன்றுதான் அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு வெகுநேரம் உரிக்காமலே இருந்தார்.

அண்ணன் விட்டுப்போன இடத்தை நான் தொட மாட்டேன். அங்கே நொபுஹிரோ நல்ல கவசம் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் நிற்கிறான். அண்ணன் அவனை அப்படித்தான் நிறுத்தினான். அதற்காக அண்ணன் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. ஆனால் இந்த விளையாட்டில் ஒரு பதிவை இன்னொரு இடத்துக்குப் பிரதி எடுக்கலாம், இடம் காலியாக இருந்தால். இப்போது முதல் இடம் காலி.

இரண்டை ஒன்றுக்குப் பிரதி எடுத்தேன். முதல் பதிவிலும் சுதோமு என்று பெயர் வந்தது. அதைத் திறந்து, நொபுஹிரோவின் கவசத்தைக் கழற்றி அண்ணனுக்கு மாட்டினேன். நால்வரையும் கோட்டைக்கு வெளியே காட்டுக்குள் கூட்டிப்போனேன். ஓநாய்கள் வந்தன. வேலை சீக்கிரம் முடிந்தது. வரிசையின் கடைசியில் ஒரு சவப்பெட்டி நின்றது. அதை இழுத்துக்கொண்டு கோட்டை வாசலுக்குத் திரும்பினோம்.

கணவர் திரையை உற்றுப் பார்த்தார். "உயிர் குடுக்கற மூலிகை ஒண்ணு பையில இருக்கே. உள்ள போறதுக்கு முன்னாடி இவன எழுப்பிக்க வேண்டாமா?"

"வேண்டாம்" என்றேன். "அது அண்ணனுக்கு."

இரண்டாவது கைப்பிடியை எடுத்து அவர் மடியில் வைத்தேன். கோட்டைக் கதவு திறந்தது.

"கத்துங்க" என்றேன்.