ஜூன் மாதப் பசி

எங்கள் ஊரில் அன்னதான அறக்கட்டளைகள், வருஷாந்திரக் கணக்கோடு அந்த வருஷம் தீர்த்த பசியையும் வரி அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். காகிதத்தில் யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம் அல்லவா.

எங்கள் அறக்கட்டளை பெரியாஸ்பத்திரி வாசலில், நோயாளிகளுக்குத் துணைக்கு வந்தவர்களுக்கு மதியச் சாப்பாடு போடுகிறது. சாப்பிட்டவர் இலையை மடித்துவிட்டு எழுந்ததும் பசி இலைக்கு அடியில் கிடக்கும். சமையல் பார்க்கும் சூசையம்மா அதைத் துடைத்து, தேதி எழுதி, முறுக்கு டின்னில் போட்டு வைப்பார். நான் அறங்காவலர். டின்களை ஆட்டோவில் ஏற்றுவது என் வேலை.

இந்த வருஷம் கெடு முடியும் நாளில்தான் போனேன், வழக்கம்போல. அதிகாரி மெஹருன்னிசா மேடம் ஒவ்வொரு டின்னாகத் திறந்து காதருகே வைத்துக் கேட்டார். பதினோராவது டின்னில் நிறுத்தினார்.

"வைத்திலிங்கம் சார், ஜூன் பதினாலாம் தேதிப் பசி ஒண்ணு உங்க குரல்ல பேசுது."

எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. அன்று என் மனைவி கோமதி தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். சாம்பார் வாசனை வந்தது, நானும் பந்தியில் உட்கார்ந்துவிட்டேன். அறங்காவலர் தன் அறக்கட்டளையால் பலன் அடையக் கூடாது. அடைந்தால் பதிவு ரத்து. பதிவு போனால் அடுப்பும் போச்சு. நான் ஒரு வேளை சாப்பிட்டதற்காக நாளை முந்நூறு பேர் வெறும் வயிற்றோடு திரும்பிப் போவார்கள்.

"ரெண்டாவது தடவை ரசம் வேற கேட்டிருக்கீங்க," என்றார் மேடம்.

"நல்லா இருந்துச்சு மேடம்."

"திருப்பி எடுத்துக்கிறீங்களா? அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு."

எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் தகர வாசனை அடித்தது, மற்றபடி என்னுடையதேதான். வயிற்றில் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தது. மேடம் மறுபடியும் டின்னைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, சீல் குத்தி ஒப்புகைச் சீட்டைக் கொடுத்தார். வாங்கி இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

சூசையம்மாவுக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"அப்போ நாளைக்கு உலை வைக்கலாமா சார்?"

"வைங்கம்மா."

"சாப்பாட்டு நேரத்துல மட்டும் நீங்க இந்தப் பக்கம் வந்துடாதீங்க," என்றார். நியாயம்தான்.

வீட்டில் கோமதி தோசை வார்த்தாள். ஏழு உள்ளே போயும் பசி அசையவில்லை.

"ஜூன் மாசத்துப் பசியாச்சே, மாம்பழம்தான் கேக்கும்," என்றாள்.

அக்டோபரில் மாம்பழத்துக்கு எங்கே போவது? எதிர்வீட்டு மாமரத்திடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒரே ஒரு பழத்தைப் பழுக்க வைத்துப் போட்டது. அங்கேயே நின்று சாப்பிட்டேன். பசி போய்விட்டது. பிறகு மரம் நன்கொடை ரசீது கேட்டது.

இது அறக்கட்டளைக்குக் கொடுத்தது இல்லை, எனக்குக் கொடுத்தது, அதனால் ரசீது போட முடியாது என்றேன். சரி என்று பான் கார்டை மறுபடி இலைகளுக்குள் வைத்துக்கொண்டது.